வெள்ளி ஒட்டிய கோழிக்கீரை

அம்மா கோழிக்கீரையைப் பச்சையாகத்தான் தின்பாள். வெங்காயம், வறுத்த கடலை, உப்பு, எலுமிச்சை. அவ்வளவுதான். பட்டாசுக் கம்பெனியில் வெயிலில் புல் பிடுங்கிவிட்டு வந்தவளுக்கு அடுப்புப் பக்கம் போகப் பிடிக்காது.

"ஒரு ஆட்டைல்ல என் தலையில கட்டி வச்சுட்டாக" என்று அப்பா கேலி செய்வார். செய்துகொண்டே பாதித் தட்டைக் காலி பண்ணுவார்.

அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும், அதே கம்பெனியில் மருந்து கலக்கும் அப்பா வேலைக்குப் போகவில்லை. சோறும் இறங்கவில்லை. டீயும் ரஸ்க்கும்தான். எனக்குப் பயமாக இருந்தது.

எட்டாவதோடு நின்ற எனக்குக் கம்பெனியில் அம்மாவின் வேலையையே கொடுத்தார்கள். பட்டாசு மருந்து கலக்கும் அறைகளைச் சுற்றிச் செடி எதுவும் நிற்கக் கூடாது, காய்ந்தால் தீப்பிடிக்கும். முதல் நாளே சுவரோரம் கொழுகொழுவென்று கோழிக்கீரை! அம்மா இங்கேதான் பிடுங்கியிருப்பாள் என்று தூக்குவாளி நிறைய அடைத்துக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினேன். வீட்டில் அவளைப் போலவே பிசைந்து அப்பா முன்னால் வைத்தேன்.

அப்பா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"தாயி, இதை எங்கன பிடுங்குன?"

"மருந்து ரூம் சுவரோரம்ப்பா."

"அடியில பாரு, வெள்ளிப் பவுடரு. என் வயித்துக்குள்ள தீவாளி கொண்டாடப் போறியா?"

"ரெண்டு தடவ கழுவுனேன்ப்பா."

"நான் இருவது வருசமா இந்தக் கையக் கழுவுறேன். போச்சா?" நகத்தை நீட்டினார். இடுக்கில் இன்னும் மினுங்கியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா மட்டும் எப்படித் தின்னுச்சு?"

"உங்கம்மா கம்பெனிக்குள்ள ஒத்த இலையக் கிள்ள மாட்டா. நம்மூர்ல வேன் நிக்கிற எடத்துல, அடிகுழாய்க்குப் பின்னால பிடுங்குவா. வேனு லேட்டானா அம்புட்டுச் சந்தோசம் அவளுக்கு."

சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்கப்பா?"

"ஆடு மேய்க்க. வா."

அடிகுழாய்க்குப் பின்னால் இருவரும் குத்தவைத்தோம். நான் வேரோடு பிடுங்கினேன். அவர் நுனியை மட்டும் கிள்ளினார், அம்மாவைப் போல. இத்தனை நாள் கேலி செய்தவர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து புதிதாகப் பிசைந்தேன். ஒரு வாய் வைத்தார்.

"உப்பு கூடிப் போச்சு."

"ஆடு கூடக் குறை சொல்லாதுப்பா."

"இது ஒரு மாசமாப் பட்டினி கெடந்த ஆடு, தாயி" என்று தட்டை நீட்டினார். "பேசாம இன்னும் கொஞ்சம் போடு."