கிழமை வரிசை

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அசாபே அத்தை வெங்காயத் துண்டு ஒன்றைப் போடுவாள். அது சிவப்பதற்குள் எடுத்துவிடுவாள். கருகல் வாசம் ஆகாது. அவளுக்கு அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு. எல்லாரும் இந்த ஊரில் ஓயாமல் வெடிக்கும் கலவரங்களில் வீடு எரியக் கண்டவர்கள். ஒரு கோசாய் வடை தீய்ந்தால் போதும், யாராவது எழுந்து ஓடிவிடுவார்கள். அதனால் காராமணி மாவு பொன்னிறமாவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கரண்டி உள்ளே போய்விடும். அந்தக் கரண்டியை அவள் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

ஜாஸ் நகரத்தில் மசூதித் தெருவுக்கும் சர்ச் தெருவுக்கும் நடுவே, பாதி எரிந்த தச்சுப் பட்டறைதான் இடம். பட்டறைக்காரர் டான்லாடி மேலே தகரம் போட்டுக் கொடுத்தார். ரோட்டோரத்தில் கோசாய் சுட்டு விற்பவள் சனிக்கிழமைகளில் இங்கே வந்து காசு வாங்காமல் சுட ஆரம்பித்தாள். இரண்டு தெருவிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். படம் வரைவார்கள், பந்து உதைப்பார்கள், சில பேர் தூங்க மட்டும் வருவார்கள். அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கேட்கக் கூடாத இன்னொன்று பெயர். கலவரத்தில் தடியோடு நின்றவர்கள் முதலில் கேட்டது அதைத்தான். பெயரைச் சொன்னால் சாமி தெரிந்துவிடும். பிறந்த கிழமையை வைத்து அழைப்பதோ இங்கே இரண்டு பக்கத்துக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமைப் பெண் லாடி, வியாழக்கிழமைப் பெண் லாமி, சனிக்கிழமைப் பெண் அசாபே. எனவே கதவைத் தாண்டினால் கிழமைதான் பெயர், தின்பதற்கு நிற்பதும் கிழமை வரிசையில்தான். நேற்றுவரை ஒருவரைக் கண்டு ஒருவர் நடுங்கிய பிள்ளைகள் ஒரே புதன்கிழமையில் பிறந்துவிட்டதால் முன்னும் பின்னுமாக நின்று தள்ளிக்கொள்வார்கள்.

"ஞாயித்துக்கெழமக் கூட்டமே, திங்கறதுக்குன்னே மொதல்ல பொறந்தீங்களா?" என்பாள் அத்தை.

அவள் எந்தப் பக்கம் என்பது ஊரில் பெரிய ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமையும் விற்றாள், ஞாயிற்றுக்கிழமையும் விற்றாள். குழாயடியில் நேராகவே கேட்டுப் பார்த்தார்கள். "நான் சனிக்கெழமக்காரி" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

போன மாதம் ஆறு வயதுப் பெண் ஒருத்தியை அத்தையிடம் கொண்டுவந்து விட்டார்கள். தகரச் சந்தைக்குப் பின்தெருவில் கிடைத்தவள், சொந்தம் யாரும் மிஞ்சவில்லை. பேச்சும் இல்லை. கிழமை தெரியாததால் வரிசையும் இல்லை. சுவரோரம் நின்றாள். கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால் தொடமாட்டாள்; கோசாயில் எறும்பு ஏறும். கண் மட்டும் வரிசைகளின் மேலேயே இருக்கும். மூன்று சனிக்கிழமைகள் இப்படியே போயின. மற்ற நாளில் அத்தை வீட்டிலும் சரியாகத் தின்னாமல் பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டது.

ஏதாவது ஒரு கிழமையைச் சொல்லிச் சேர்த்துவிடச் சொன்னார் டான்லாடி. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்தயும்தான் அதுகிட்டேருந்து புடுங்கிட்டாங்களே. மிச்சமிருக்கறது அது பொறந்த நாளு ஒண்ணுதான். அதுக்கும் நான் பொய்யா குடுக்கணும்?"

செவ்வாய்க்கிழமை அந்தப் பின்தெருவுக்குக் கிளம்பினாள். வெளியாள் நுழைந்தால் பையன்கள் வழிமறிக்கிற தெரு. அவளையும் மறித்தார்கள், பெயர் கேட்டார்கள். சனிக்கிழமைக்காரி என்றாள். பைத்தியம் என்று விட்டுவிட்டார்களாம். உருளைக்கிழங்கு விற்கும் ஒருத்திக்கு அந்தப் பிள்ளையைத் தெரிந்திருந்தது. அதன் அப்பா எந்தச் சாமியைக் கும்பிடுவார் என்று ஆரம்பித்தவளின் வாயை அத்தை கையால் பொத்தினாளாம். "அதெல்லாம் எனக்கு வேணாம் தாயி. கெழமயச் சொல்லு."

அடுத்த சனிக்கிழமை வாணலியை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் முன்னால் குந்தினாள்.

"சந்தை நாளு, வியாழக்கெழம. கெழங்கு மூட்டைக்குப் பின்னால உங்கம்மா உன்னைப் பெத்தா. நாலு பொம்பளைங்க மேல்துணியைப் புடிச்சு மறைச்சுக்கிட்டாங்களாம். நீ லாமி."

பிள்ளை அசையவில்லை. அத்தை திரும்பிவந்து வாணலியை ஏற்றினாள். ஞாயிறு, திங்கள் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். வியாழன் என்றாள். சுவரோரத்திலிருந்து சின்னக் கால்கள் நடந்துவந்து வரிசையின் கடைசியில் நின்றன.

லாமி இரண்டு கோசாயையும் அங்கேயே நின்று தின்று முடித்தாள். பிறகு மறுபடியும் அத்தையிடம் வந்தாள். இன்னும் ஒன்று கேட்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"நீ எந்தக் கெழம?"

குரல் கரகரத்திருந்தது. டான்லாடி உளியைக் கீழே வைத்தார். அத்தை சனி என்றாள்.

லாமி சனிக்கிழமை வரிசையைத் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள்.

"அப்ப நீ ஏன் நிக்கல?"

அத்தை இங்கே சுட ஆரம்பித்த ஒன்பது வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. லாமி கரண்டிக்காகக் கையை நீட்டினாள். அத்தை அடுப்பை அணைத்தாள், கரண்டியை இடுப்புத் துணியில் துடைத்து அந்தக் கையில் கொடுத்தாள், ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் சனிக்கிழமை வரிசையின் கடைசியில் நின்றாள்.