வேலப்பன் கண்ணை மூடி நின்ற நேரம்

கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் நிற்பதில் ஆரியசாலை வேலப்பனை அடித்துக்கொள்ள ஈரேழு பதினாலு லோகத்திலும் ஆள் கிடையாது. தவமிருந்த முனிவர்களே வரிசையில் நின்று அவரிடம் டியூஷன் படிக்க வேண்டும். பயிற்சி நோட்டில் மகள் பொன்செல்வி எழுதிவைக்கும் எண்களை நம்பினால் அப்படித்தான். நேற்று நாற்பது, இன்று நாற்பத்தைந்து.

உண்மையில் ஏழு எண்ணுவதற்குள் அவர் சாய்ந்துவிடுவார்.

அப்பன்வழி வந்த நரம்பு நோய். பாதத்துக்குத் தரை தெரியாது. கண் பார்த்துச் சொன்னால்தான் கால் நிற்கும். அவருடைய அப்பா ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே குடிகாரன் என்று பெயர் வாங்கிச் செத்தார். வேலப்பனுக்குப் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால்கூடக் கண்ணை மூட முடியாது. "சாமிய மொறைக்காம கும்பிடும்வே" என்று மொத்தக்கடையில் கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். அதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மகளுடைய நடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். டெஸ்ட் எடுக்கக் கூப்பிட்டால், "பத்தாங்கிளாஸ் டெஸ்டுலயே தோத்தவ நான், இதுல மட்டும் ஜெயிக்கவா?" என்று சிரித்துத் தப்பிவிடுவாள்.

தினமும் சாயங்காலம் அறை மூலையில் அவர் கண்ணை மூடி நிற்க, அவள் எண்ணுவாள். மூன்று, நாலு, பதினெட்டு, நாற்பது என்று தாவிவிடுவாள். அப்பா முகம் கொஞ்சம் தெளியட்டுமே என்று.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அந்த நோட்டைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் மீரா, "கொள்ளாமல்லோ அண்ணா!" என்று மலையாளத்தில் மெச்சி அவரைத் தரையிலிருந்து பஞ்சு மெத்தைமேல் ஏற்றிவிட்டாள். கண்ணை மூடினார். மூன்று எண்ணுமுன், அவள் பிடிப்பதற்குள், பக்கத்துப் பிடிகம்பியில் மோதி உதடு கிழிந்தது. நோட்டைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

வீட்டில் பொன்செல்வி அழுதாள். "நாந்தான்ப்பா பொய்யா எழுதினேன்."

"முதல் நாளே தெரியும். இருபது வருசமா மூட்டை எண்ணுறவன்ட்டயா?"

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா, ஒன்னையும் நிக்கச் சொல்லி நான் எண்ண வேண்டி வரும். அதுக்குத் தைரியம் இல்ல மக்ளே." வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நில்லு."

அவள் மூலையில் போய் நின்றாள். "எண்ணுங்க. நூறு வரைக்கும் நிப்பேன், பாத்துக்கிடுங்க."

அவர் ஒன்றையும் தாண்டாமல் எண்ணினார். இருபது வந்தும் அவள் அசையவில்லை. அவருக்கு நெஞ்சு லேசாக இளகியது. எண்ணிக்கொண்டே கிட்டே போய்க் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். நிறுத்தினார்.

"இமையிடுக்குல கண்ணு தெரியுது மக்ளே," என்றார். "முழுசா மூடு."