ப்ளூ-ரே ப்ளேயரும் அத்தாவின் இடது கண்ணும்

அட்டைப் பெட்டியிலிருந்து தெர்மாகோலை உருவும்போது ஒரு கிறீச் சத்தம் வருமே... அம்மாவுக்கு அது பல் கூசும். "மெதுவா எடுடி நசீமா!" என்று சமையலறையிலிருந்தே கத்தினார்.

2009. சிறுசேரியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே ப்ளேயரில் ஓடும் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்வதுதான் எங்கள் டீமின் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் டீம் லீட் ஆளுக்கொரு ப்ளேயரைக் கொடுத்து அனுப்பினார்.

"வீட்ல போட்டுக் காட்டுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ, அப்படியே ஃபார்ம்ல எழுதிட்டு வாங்க."

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஆரம்பித்தேன். பார்வையாளர்கள் இரண்டே பேர். அம்மாவும் அத்தாவும். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அத்தா வேன் டிரைவர். சொந்த வேன். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் பசங்களை ஏற்றிக்கொண்டு பொத்தேரி காலேஜில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். ஜிஎஸ்டி ரோட்டில் இத்தனை வருஷம் ஓட்டியும் ஒரு கேஸ் இல்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

முதலில் ஸ்ட்ரீமிங் டெஸ்ட், அதாவது டிஸ்க் இல்லாமல் இன்டர்நெட்டிலிருந்தே படம் ஓட்டுவது. அன்றைய பிராட்பேண்டில் வட்டம் சுற்றியது... சுற்றியது... அம்மா எழுந்து போய் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிவிட்டு வந்தார். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது படமாடி, இல்ல ராட்டினமா?"

அதையும் ஃபார்மில் எழுதிக்கொண்டேன்.

அடுத்தது டிஸ்க். காட்டைப் பற்றிய ஒரு டாக்குமென்டரி. ஒரே காட்சியை முதலில் டிவிடியில் காட்டினேன், பிறகு ப்ளூ-ரேயில்.

"யா அல்லாஹ்... அந்த எலை மேல எறும்பு போறதுகூடத் தெரியுதே!" அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்.

"சூப்பரா கீதும்மா. காட்டுக்குள்ளயே குந்திகினு பாக்கற மாரி கீது" என்றார் அத்தா.

அப்போது அவர் கண்ணில் ஏதோ தூசி விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் வலது கண்ணைப் பொத்தித் தேய்த்தார்.

"டிவிய ஏன் நசீமா ஆஃப் பண்ணிட்ட?"

நான் சிரித்துவிட்டேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். டிவியில் ஒரு பெரிய சிவப்புப் பூ, சத்தமே இல்லாமல் விரிந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கண் நன்றாகத் திறந்திருந்தது. நேராக அந்தப் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தா, துண்ட எடுக்காதீங்க." முன்னால் போய் நின்று மூன்று விரலை நீட்டினேன். "எத்தனை?"

"எத்தினி... இன்னா எத்தினி?"

நான் கையை நீட்டியிருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

அத்தா துண்டை எடுத்தார். மறுபடி பொத்தினார். எடுத்தார். நாலைந்து முறை அப்படியே செய்தார். அம்மா டிவி பக்கத்தில் நின்றது நின்றபடியே இருந்தார்.

"கொஞ்ச நாளா மங்கலாத்தான் இருந்துச்சு... கண்ணாடி மாத்தினா சரியாப்பூடும்னு நெனச்சேன்." பிறகு அவராகவே சொன்னார். "வேன்ல லெஃப்ட் சைடு மிரர் ரெண்டு தபா ஒடைஞ்சுதே நசீமா... எவனோ இட்சிட்டுப் பூட்டான்னு திட்டினேனே... நான்தான் இட்சிகீறேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினாலு புள்ளைங்கம்மா... தெனிக்கும் பதினாலு புள்ளைங்க..."

கண் போனதைப் பற்றி அதற்குப் பிறகு அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பதினாலு பேரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் கேட்காமலே சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அவருடைய நண்பர் ஏழுமலை அண்ணன் வேனை ஓட்டினார். வழி காட்ட அத்தா பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதால் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன்.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அத்தா இறங்கினார். "எனக்கு ஒரு கண்ணு தெர்ல. தெரியாமயே இத்தினி நாளு உங்கள இட்டுகினு போயிட்டேன். மன்னிச்சிக்கங்க. இனிமே இவருதான் ஓட்டுவாரு."

பசங்க ஆடிப்போய் நின்றார்கள். பெருங்களத்தூரில் ஏறிய ஒரு பெண்தான் கேட்டாள்: "அண்ணா, நீங்களும் டெய்லி கூட வருவீங்கல்ல?"

ஆமாம் என்று அத்தா தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "கண்ல பிரஷர். இடது கண்ணுல நரம்பு செத்துப்போச்சு, பார்வை திரும்ப வராது. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. அதைக் காப்பாத்தலாம். ஆனா சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடக்கூடாது. ஆமா... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"படம் பாத்துட்டிருந்தோம் டாக்டர்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அதன் பிறகு அத்தா ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஆனால் ஏழுமலை அண்ணனின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பல வருஷம் பொத்தேரி போய் வந்தார்.

வலது கண்ணை மருந்து காப்பாற்றிவிட்டது. இப்போது அத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ப்ளூ-ரே டிஸ்க் என்றால் என்னவென்று என் மகளுக்குத் தெரியாது. போனில் தொட்ட விரலை எடுப்பதற்குள் படம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஹாலில் பழையதைவிட இரண்டு மடங்கு பெரிய டிவி... பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. ஆளுக்கொரு ரூம், ஆளுக்கொரு போன், காதில் ஹெட்போன்.

அத்தாவும் பால்கனியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திடீரென்று சத்தமாகச் சிரிப்பார்.

எதற்குச் சிரிக்கிறார் என்று, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.