அச்சம் வந்தால் கொட்டாவி

காரைக்காலில் பிறந்து சைகோன் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் லூசியேன். அவருடைய வியட்நாமிய மனைவி இரட்டைப் பெண்களைப் பெற்றவுடன் இறந்துபோனாள். ஒடெட்டை அவர் வளர்த்தார். பொலேத்தை, சைகோனுக்கு வெளியே குச்சி என்னும் நாட்டுப்புற வட்டாரத்தில் உழவு செய்த பெரியம்மாள் வளர்த்தாள்.

ஆபத்து நேரும்போதெல்லாம் ஒடெட் கொட்டாவி விடுவாள். கல்நெஞ்சுக்காரி என்று லூசியேன் அவளைக் கடிந்துகொள்வார்.

1968ஆம் ஆண்டு, வியட்நாமியப் புத்தாண்டுக்குப் பொலேத் வந்திருந்தாள். இருவருக்கும் அப்போது இருபது வயது. மூன்றாம் நாள் காலை தெருவில் குண்டு வெடித்து, சிதறிய இரும்புத்துண்டு லூசியேனின் தொடையைக் கிழித்தது. குருதி பெருகத் தரையில் கிடந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் இருவரும் ஒரே கணத்தில், இடக்கையால் வாயை மூடிக்கொண்டு, நீளமாகக் கொட்டாவி விட்டார்கள்.

"நான் சாகக் கிடக்கேன், ரெண்டு பேருக்கும் தூக்கமா வருது?"

"ஆடாமப் படுங்க பப்பா! கொட்டாவி தானா வந்தா நான் என்ன செய்ய?" என்றாள் ஒடெட்.

அதற்குள் பொலேத், போர் நடந்த வயல்வெளியில் பழகியபடி, கழுத்துத்துணியால் காயத்துக்குமேல் இறுக்கிக் கட்டிவிட்டாள். நகரத்தில் வளர்ந்த ஒடெட்டோ தெருமுனைக்கு ஓடி, தயங்கிய ரிக்‌ஷாக்காரரை அதட்டி அழைத்துவந்தாள்.

வண்டியில் போகும்போது லூசியேனுக்கு நினைவு வந்தது. பேறுவலியில் மனைவியும் இடக்கையால் வாயை மூடிக் கொட்டாவி விட்டாள். களைப்பு என்றே அன்று எண்ணியிருந்தார். கைவேலையை அவரவர் வளர்ந்த ஊர் கற்பித்திருந்தது. அச்சத்தில் வரும் அந்தக் கொட்டாவியை மட்டும் தாய் இருவருக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தாள்.

உயிர் பிழைத்த லூசியேன் மருத்துவமனையில் கண்விழித்ததும், இருவரின் இடக்கைகளையும் பற்றி முத்தமிட்டார்.