நேரம் குறிக்காத கடைசி வார்த்தை

குவைத்தில் நர்ஸாக இருந்த வருஷங்களில் எனக்கு மூக்குநுனியில் கோபம். சட்டென்று வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. காலை டியூட்டி முடிந்து ஃபர்வானியா ஃபிளாட்டுக்கு வந்து, வீங்கிய காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்த நேரம் பார்த்து, ஏழாம் வகுப்பு படித்த மகள் பேச்சுப்போட்டிக் காகிதங்களோடு வந்து நின்றாள்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் கடற்போரில் குண்டடி பட்டுச் செத்த ஒரு இங்கிலீஷ்காரக் கடற்படைத் தளபதி. அவர் கடைசியாகச் சொன்னது என்ன என்பது தலைப்பு.

"மம்மி, ஒருத்தர் சொல்றார், தளபதி தன் ஃபிரண்டு கேப்டன்கிட்ட முத்தம் கேட்டாராம். கப்பல் டாக்டர் சொல்றார், அவர் 'கடவுளுக்கு நன்றி, என் டியூட்டியைச் செஞ்சிட்டேன்'னு சொன்னாராம். இன்னொருத்தர் சொல்றார், குடிக்கக் கேட்டாராம், விசிறச் சொன்னாராம். எல்லாரும் பக்கத்துல இருந்தவங்க. இதுல யார் லையர்?"

"கடைசி வார்த்தையாம் கடைசி வார்த்தை! போய்க் கணக்கைப் போடு" என்று எரிந்து விழுந்தேன்.

பிள்ளை மிரண்டுபோனாள். அவளுக்கென்ன தெரியும்? அதே கேள்வி ஐந்து வருஷமாக என் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

என் அப்பா கன்னியாகுமரிப் பக்கம் கட்டுமரம் தள்ளியவர். அவர் படுத்த படுக்கையானதும் லீவு கேட்டேன். வார்டில் ஆள் குறைவு, வெள்ளிக்கிழமை போ என்றார்கள். நானும் சண்டை போடாமல் தலையாட்டினேன். அப்பா புதன்கிழமையே போய்விட்டார். 'அவ வரல்லியா?' என்பதுதான் கடைசி வார்த்தை என்று தம்பி சொன்னான். அம்மாவோ, இல்லை, கஞ்சித்தண்ணி நாலு மடக்கு குடித்துவிட்டு, 'அவளுக்கு டூட்டி நேரமாக்கும், விளிக்காண்டாம்' என்று, கூப்பிட வேண்டாமென்று சொல்லித்தான் கண்ணை மூடினார் என்றாள். அம்மா என் மனசு நோகாமல் இருக்க நல்லதாக ஒன்றைக் கட்டிச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். தம்பி சொன்னதை நம்பினேன். நம்பியதற்காக அவனையே வெறுத்தேன். ஐந்து வருஷமாக அவனோடு 'சௌக்கியமா, சௌக்கியம்' என்பதற்குமேல் பேச்சு கிடையாது. அப்பா என்னைத் தேடித் தேடியே செத்தார் என்ற நினைப்போடுதான் தினமும் யூனிஃபார்ம் மாட்டினேன்.

திட்டிய குற்ற உணர்ச்சியில் டீ போட்டு எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். முகத்தை உம்மென்று வைத்திருந்தாள்.

"சரி சொல்லு. மூணு பேரும் அவரைவிட்டு நகரவே இல்லையா?"

"கேப்டன் நடுவுல மேல்தட்டுக்குப் போய்ட்டார். சண்டை நடக்குதில்ல. டாக்டர் மத்த பேஷண்ட்ஸைப் பார்க்கப் போனார்."

"யார், எப்போ போனாங்க?"

"மம்மி, அதெல்லாம் எதுக்கு?"

"எதுக்கா? எங்க வார்டுல நேரம் போடாம ஒரு வரி எழுதினா ஹெட் நர்ஸ் தோலை உரிச்சிடுவா. பேப்பரை எடு."

நோயாளி சார்ட் மாதிரி கோடு கிழித்தேன். ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் கேட்டது. யார் முதலில் போனார், யார் பிறகு இருந்தார் என்று அவள் படிக்கப் படிக்க நிரப்பினேன். எழுதி முடித்ததும் பதில் தெரிந்துவிட்டது.

"ஒருத்தரும் பொய் சொல்லலை மக்ளே. அவங்கவங்க கிளம்பறதுக்கு முன்னாடி காதுல விழுந்ததைக் கடைசின்னு எழுதி வச்சிட்டாங்க. மார்னிங் நர்ஸ் எழுதினது மார்னிங்கோட கடைசி, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா போன அன்று, காலை ஏழு மணிக்கு நைட் டியூட்டிக்காரியிடம் ஹேண்ட்ஓவர் வாங்கிக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் வந்தது. நம்மூரில் ஒன்பதரை. அப்பாவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றான். வீட்டில் அப்போது போன் கிடையாது. அப்படியானால் அவன் எங்கிருந்து கூப்பிட்டான்? வருஷக்கணக்கில் சார்ட் எழுதுகிற எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

காலிங் கார்டைச் சுரண்டி தம்பியின் நம்பரைப் போட்டேன்.

"அப்பா 'அவ வரல்லியா'ன்னு கேட்டப்ப மணி என்ன?"

"இப்ப எதுக்கு எக்கா அது?"

"மணியச் சொல்லுலே."

"ஒம்பதேகால் இருக்கும். அதக் கேட்டுட்டுதான் ஒன்னைய விளிக்க டெலிபோன் பூத்துக்கு ஓடுனேன்."

"திரும்பி வந்தப்ப?"

  அவன் அழ ஆரம்பித்தான்.

"முடிஞ்சு போச்சு எக்கா. ஒத்த மவன் நான். கடைசி நேரத்துல பூத்துல நின்னேன்னு ஊருல எப்பிடிச் சொல்ல? அதான், நான் கேட்டதுதான் கடைசின்னு சொல்லிட்டேன். அப்பா என்னையத் தேடிருப்பாருல்லா?"

ஐந்து வருஷமாக அவனும் ஒரு முள்ளை முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். அது தெரியாமல் முகம் திருப்பிக்கொண்டு இருந்த என்னை நானே இரண்டு அறை அறையலாம் போல் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து வைத்தது போல மூச்சு தாராளமாக வந்தது.

"தேடலைலே. நீ என்னைய விளிக்கத்தான் போயிருக்கன்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் அம்மாகிட்ட விளிக்காண்டாம்னு சொல்லிருக்கார். நீ பூத்துல நிக்கையிலதான் அதச் சொல்லிருக்கார்."

 "ஆமால்லா" என்றான். அழுகைக்கு நடுவில் சிரித்தான். நானும் சிரித்தேன். மகள் கதவோரம் நின்று விழித்தாள்.

அன்றைக்கு பூத்திலிருந்து அவன் விளித்தபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம் அப்போதுதான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா என்று.

"இருக்கே. 'டியூட்டி நேரம், இப்ப விளிக்காத'ன்னு சொன்ன."

அதே நிமிஷத்தில் அங்கே அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.