நீத்துப்பெட்டியின் வெள்ளை விளிம்பு

போன வருடம் குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், இத்தாலியின் பலெர்மோவில் பல்லரோ சந்தைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் சந்தில் நடந்தது இது. தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் எங்கள் தெருவின் சரித்திரம் பற்றி ஒரு கண்காட்சி. வீட்டுக்கு ஒரு பொருள் கேட்டிருந்தார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த, பிட்டு அவிக்கிற பனையோலை நீத்துப்பெட்டியைத் தருவதாக நான் சொன்னேன். மகள் அதைத் தன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

கீழ்வீட்டு இத்தாலிய அம்மா, சிஞ்ஞோராவுக்கு அது பிடிக்கவில்லை. என் கொடியில் காயும் உடுப்பு அவர் பல்கனியில் சொட்டியதால் வந்த சண்டை எங்களுக்குள். முகம் பார்ப்பதே இல்லை. "இது எங்கட தெரு. உங்கட பெட்டிக்கு இஞ்சை என்ன சரித்திரம்?" என்று எல்லார் முன்னாலும் இத்தாலியனில் கேட்டுவிட்டார். என் பிள்ளை பிறந்து வளர்ந்ததே இந்தச் சந்தில்தானே! வைத்தே தீருவேன் என்று வீம்பு வந்துவிட்டது.

கண்காட்சி அன்று காலை பெட்டியைக் கழுவிப் பல்கனியில் வெயிலுக்கு வைத்தேன். பாழாய்ப்போன காற்று அதைத் தூக்கிச் சந்தில் போட, மீன் ஏற்றி வந்த மூன்று சில்லு வண்டி மேலே ஏறிவிட்டது. விழுந்தடித்து இறங்கினேன். எனக்கு முன்னமே சிஞ்ஞோரா அதைக் கையில் எடுத்துவிட்டார். விளிம்பு பிய்ந்து தொங்கியது. இப்ப சிரிக்கப்போறா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பின்னலை விரலால் தடவிப் பார்த்தார். கோவிலடியில் விற்பதற்காக வாசலில் இருந்து குருத்தோலை பின்னிக்கொண்டிருந்தவர் அவர்.

"இது நாங்கள் பின்னிற மாதிரியெல்லோ!" என்றார்.

"ஓம்" என்றேன்.

எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார். பிய்ந்த இடத்தை நான் பிடித்துக்கொள்ள, தன் குருத்தோலையைச் செருகிச் செருகிப் பின்னினார். ஆவியில் கறுத்த பெட்டிக்கு வெள்ளை வெளேரென்று ஒரு விளிம்பு!

பின்னேரம் மண்டபத்துக்கு வந்த ஒருவர், இது ஆசியச் சாமானா என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் சிஞ்ஞோரா முந்திக்கொண்டார்.

"இல்லை, இது ரெண்டு வீடும் ஏறி இறங்கிற எங்கட படிக்கட்டுச் சாமான். பெட்டி மேல்வீட்டுக்காரியின்ரை, விளிம்பு என்ரை."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உடுப்பு இன்னும் சொட்டுகிறது, அவரும் இன்னும் கத்துகிறார். ஆனால் ஞாயிறு பிட்டில் அவருக்கும் ஒரு பங்கு போகிறது. அந்த வெள்ளை விளிம்பு ஆவியில் வெந்து வெந்து பெட்டியின் நிறத்துக்கே வந்துவிட்டது. எது என் பனை, எது அவர் குருத்து என்று தேடும்போதெல்லாம், இது என்னுடைய தெருவும்தான் என்று நெஞ்சு நிமிர்கிறது.