பொகுட்டெழினி பால் குடித்தான்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் வீட்டில் ஓர் ஆளுக்குப் பெயர் இல்லை. அவன் என் தம்பி. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, சேலம் பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் கிடந்துவிட்டு ஏற்காட்டு மலையில் எங்கள் கிளியூருக்கு வந்து சேர்ந்தவன். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இருவரும் பெயர் வைத்த மாதமே இறந்துபோயிருந்தார்கள். அதனால் இவனுக்கு ஒரு வயது முடியும்வரை பெயரே கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். பெயர் தெரிந்தால்தானே எமன் கூப்பிடுவான் என்பது அவள் நியாயம். வீட்டில் எல்லோரும் அவனை 'அது' என்றார்கள். அது தூங்குகிறது, அது பால் குடிக்க மாட்டேன் என்கிறது. பால்தான் பெரிய கவலை. சங்கில் ஊட்டினால் பாதி கடைவாயில் வழிந்துவிடும்.

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. எங்கள் ஆட்டுக்குக்கூடப் பெயர் இருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பப் போன அன்று தமிழ் டீச்சர் கரும்பலகையில் பத்துச் சொற்களை எழுதி, வாக்கியத்தில் அமைத்து வரச் சொன்னார். ஒன்பதாவது சொல் பொகுட்டெழினி. பாடம் நடத்தியபோது நான் இல்லை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

"அது ஒரு பேருடி," என்றாள்.

யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை. ஒரு பெயர் சும்மா கிடக்கிறது, எங்கள் வீட்டில் ஒருவன் பெயரில்லாமல் கிடக்கிறான். அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் தம்பி முதல்முறையாகச் சிந்தாமல் குடித்தான். 'பொகுட்டெழினி இன்று ஒரு சங்குப் பாலையும் மிச்சம் வைக்காமல் குடித்தான்' என்று எழுதினேன். எழுதும்போதே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பார்த்தால் வகுப்பு மொத்தமும் 'பொகுட்டெழினி அதியமானின் மகன்' என்று எழுதியிருந்தது. டீச்சர் என் நோட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் கண்ணு, தகடூர் ராசா மகன் உங்க ஊட்லதான் பால் குடிச்சாரா?"

"ராசா மகன் இல்லீங்க டீச்சர். எங்க தம்பிங்க."

வகுப்பு சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் பக்கத்தில் கூப்பிட்டு விசாரிக்க, எமன் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, அந்த வாக்கியத்துக்குச் 'சரி' போட்டு, வழக்கம்போல் வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எதையும் சத்தமாகப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். எட்டு வாக்கியம் கடகடவென்று போயிற்று. ஒன்பதாவதைப் படித்ததும் அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ சாமி, பேரு வெச்சுப்புட்டியே."

முதுகில் அடி விழப் போகிறது என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா தொட்டிலில் குனிந்து, வாயில் நுழையாத அந்தப் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பயந்துகொண்டே இன்னொரு முறை சொன்னாள்.

"ஏனுங்க, கூப்டா பாக்கறானுங்க," என்றாள் அப்பாவிடம்.

அப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் நிலைத்தது, ஆளும் நிலைத்தான். இன்று அவன் ஏற்காட்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறான். எங்கே போனாலும் பெயரை இரண்டு தடவை சொல்ல வைக்கிறார்கள் என்று இன்னமும் என்னைத்தான் திட்டுவான்.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. மற்ற பக்கங்களில் அப்பாவின் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கோணிக்கொண்டு, கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. அன்று அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டபோது, டீச்சர் கவனிக்காத பிழை ஏதோ கண்ணில் பட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.